வங்கி ‘கோட்டுக்குப் போங்கோ’ என்றால்: மரணசாதன வழக்கும் சட்ட உதவியாளரின் எல்லையும்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மாதர் அமைப்பில் சட்ட உதவியாளராக வேலை செய்கிறேன். சட்டத்தரணி அல்ல, பயிற்சி மட்டும் பெற்றவள். எங்கள் ஊரில் 61 வயது அம்மா ஒருவரின் கணவர் நாலு மாதத்துக்கு முதல் இறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் பேமிற் (அரச அனுமதிப்பத்திர) வயல், ஐயா உழைத்து வாங்கிய கால் ஏக்கர் உறுதிக் காணியும் (உரிமைப் பத்திரம் உள்ள சொந்தக் காணி) வீடும், வங்கியில் ஒன்பது இலட்சம் ரூபாய், அவர் பெயரில் அடகு வைத்த நகை, இவ்வளவும்தான் சொத்து. பிள்ளைகள் நாலு பேர். மகள் ஊரில் இருக்கிறா. ஒரு மகன் பிரான்சில், ஒரு மகன் சுவிஸில் (அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை). மூத்த மகன் 2009 இல் காணாமல் போனவர். வங்கியில் “கோட்டில கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க அம்மாவிடம் காசு இல்லை, தானே வழக்குப் பேசலாமா என்று கேட்கிறா. ஐயாவின் குடும்பம் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தது. தேசவழமை (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்துமா என்றும் குழப்பம். நான் எதுவரை உதவலாம்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மனு எழுதும் வேலையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வன்னியில் மரணசாதன வழக்கென்று (இறந்தவரின் சொத்தை நிருவகிக்க நீதிமன்றத்திடம் அதிகாரம் கேட்கும் வழக்கு) அலைகிற பலருக்கு, சொத்தில் பாதிக்கு மேல் அந்த வழக்குக்குள் வரவே வராத சொத்து. வழக்கிலக்கம் எடுப்பதற்கு முதல், எது எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியது என்று பிரித்துக் கொடுப்பதுதான் உங்களால் ஆகக்கூடிய ஆகப்பெரிய உதவி. அதற்குச் சட்டத்தரணி உரிமம் தேவையில்லை. பொறுமையும் ஒரு கோப்பும் போதும்.

வயலிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேமிற் காணியின் பின்னுரிமை, அதாவது அடுத்து அது யாருக்கு என்பது, மாவட்ட நீதிமன்றம் கொடுக்கும் நிருவாகக் கடிதத்தால் (இறந்தவரின் சொத்தை நிருவகிக்கும் அதிகாரப் பத்திரம்) மாறுவதில்லை. பிரதேச செயலகத்தின் காணிக் கிளைதான் அதற்கு இடம். பின்னுரிமையாளராக யாரையாவது நியமித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மனைவிக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் காணியின் ஆட்சிக்கு வந்திருக்க வேண்டும். நாலு மாதம் போய்விட்டது. அம்மா தானே வயல் செய்கிறா என்றால் பயமில்லை, ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும். கமநல சேவை நிலையத்தில் அவவின் பெயரில் பசளைக்குப் பதிந்த விபரம், கமக்காரர் அமைப்பின் கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம், காணி உத்தியோகத்தரிடம் நேரே சொல்லி ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள். அம்மா ஒரு எழுத்து விண்ணப்பம் கொடுத்து, கொடுத்த பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மூன்று வருடம் கழித்து ஒரு பெறுமதியும் இருக்காது.

அதே நாளில், அலுவலகப் பேரேட்டில் பின்னுரிமையாளர் என்று யாருடைய பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நியமனம் காணி உரியவர் உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருந்தால்தான் செல்லும். இறந்த பிறகு அலுமாரிக்குள் இருந்து எடுத்த, பதியாத நியமனப் பத்திரத்தை நம்பிப் பிள்ளைகள் சண்டை பிடிப்பதில் பயனில்லை. நியமனமே இல்லையென்றால், மனைவிக்குப் பிறகு யாருக்கு என்பதில் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசை வேலை செய்யும். முன்பு அந்த வரிசையில் ஆண்பிள்ளைக்கு முன்னிடம் இருந்தது, 2022 திருத்தம் அதை மாற்றியது. “பொம்பிளைப் பிள்ளைக்கு பேமிற் காணி வராது” என்று இப்போதும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருக்கும் மகளுக்கு நீங்கள் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது அடகு நகை. துண்டில் இருக்கும் திகதியை இன்றைக்கே பாருங்கள். ஆள் இறந்தார் என்பதற்காக அடகுக் காலம் நிற்காது, கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். மீட்க ஆவணம் கேட்டாலும், வட்டியைக் கட்டிக் காலத்தை நீட்டுவதைப் பெரும்பாலும் ஏற்பார்கள். இறப்புச் சான்றிதழோடு போய் அதை முதலில் செய்யட்டும். கட்டிய பற்றுச்சீட்டு அம்மாவின் கையில் இருக்கட்டும், பிறகு கணக்குக் காட்டும்போது அது உதவும்.

வங்கிப் பணத்துக்கு வருகிறேன். கருமபீடத்தில் சொன்ன ஒரு வசனத்தை வைத்து நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 544 ஆம் பிரிவு, கணக்கு வைத்திருப்பவர் தன் இறப்புக்குப் பிறகு பணம் யாருக்குப் போக வேண்டும் என்று நியமித்து வைக்க இடம் தருகிறது. ஐயா அப்படி ஒருவரை நியமித்திருந்தால் வங்கி அவருக்குக் கொடுக்கும். அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்த ஞாபகமே பலருக்கு இருக்காது, வங்கியின் பதிவில்தான் பார்க்க வேண்டும். ஆகவே அம்மாவின் கையொப்பத்தோடு முகாமையாளருக்கு ஒரு கடிதம் போகட்டும். கேட்க வேண்டியவை மூன்று: நியமனம் உண்டா, கணக்கு கூட்டுக் கணக்கா, இரண்டும் இல்லையென்றால் இந்தத் தொகைக்கு நீதிமன்றக் கடிதம் இல்லாமல் வாரிசுகளின் சத்தியக்கடதாசியும் ஈட்டுறுதியும் (பிறகு நட்டம் வந்தால் ஈடு செய்வோம் என்ற உறுதிமொழி) வாங்கிக்கொண்டு கொடுக்கும் நடைமுறை உங்களிடம் இருக்கிறதா. எத்தனை ரூபாய் வரை அப்படிக் கொடுப்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி வேறு. பதிலை எழுத்தில் கேளுங்கள். “இல்லை” என்று எழுதித் தந்தாலும் நல்லதுதான், ஏன் வழக்கு வேண்டியிருக்கிறது என்பதற்கு அது ஆதாரம்.

உறுதிக் காணி விடயத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது. உரிமை ஐயா இறந்த அன்றே வாரிசுகளுக்கு வந்துவிட்டது. நிருவாகக் கடிதம் அதை உண்டாக்குவதில்லை, கடனடைத்துப் பிரித்துக் கொடுக்க ஒருவருக்கு அதிகாரம் தருகிறது. மொத்தச் சொத்து அதே கோவையின் 545 ஆம் பிரிவு சொல்லும் எல்லையை எட்டினால் மட்டும், கடிதம் எடுக்காமல் கைமாற்றவோ வழக்குப் போட்டு மீட்கவோ இயலாது. அந்த எல்லை இப்போது 40 இலட்சம் ரூபாய். திருத்தங்களில் ஏறி வந்த தொகை இது, மனுவுக்கு முதல் நீதிமன்றப் பதிவகத்தில் ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இந்தச் சொத்தில் வங்கிப் பணமும் நகையும் சிறிது. கால் ஏக்கரும் வீடும்தான் தராசைச் சாய்க்கும். ஏ9 வீதியோரக் கால் ஏக்கருக்கும் உள்ளே குளக்கட்டுப் பக்கக் கால் ஏக்கருக்கும் விலை மலையும் மடுவும். ஊர் மதிப்பில் விடாமல் மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை எடுங்கள். பேமிற் வயலை இந்தக் கூட்டலுக்குள் போடாதீர்கள். வீணாக எல்லையைத் தாண்டவைத்து, தேவையில்லாத வழக்கொன்றை அம்மாவின் தலையில் ஏற்றிவிடும்.

தேசவழமை பற்றிக் கேட்டீர்கள். வட மாகாணத்தில் காணி இருப்பதாலோ தமிழ் பேசுவதாலோ மட்டும் ஒருவரைத் தேசவழமை ஆளாது. வடக்கின் நிரந்தர வாசி என்ற தன்மை வந்துவிட்டதா என்பது சாட்சியத்தால் தீர்க்கும் கேள்வி. மலையகத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறை இருந்த குடும்பத்தில் இரண்டு பக்கமும் வாதம் இருக்கும். அதை நீங்களும் நானும் கடிதத்தில் முடிவு செய்ய முடியாது. ஆனால் இந்த அம்மாவுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். பொதுச் சட்டமான 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மிகுதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. தேசவழமையிலும், கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடியதேட்டம் என்றால், இறந்தவரின் தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. இரண்டு வழியிலும் அம்மாவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றே. ஐயாவுக்குத் தாய் தகப்பன் வழியில் வந்த முதுசக் காணி ஏதும் இருந்தால்தான் வித்தியாசம் பெரிதாகும், தேசவழமையில் அது பிள்ளைகளிடம் போகும். ஆகவே உறுதியை வாசித்து, எந்த ஆண்டு, யாரிடமிருந்து, என்ன கொடுத்து வாங்கியது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். அவருடைய நேரமும் மிச்சம், அம்மாவின் காசும் மிச்சம்.

இனி, மூத்த மகன். இந்த வழக்கில் மிகக் கவனமாகத் தொட வேண்டிய இடம் இதுதான். அவர் தகப்பனின் வாரிசு. “பிள்ளைகள் மூன்று பேர்” என்று எழுதினால் வேலை லேசு என்று யாராவது சொல்லுவார்கள். அது சத்தியக்கடதாசியில் பொய், குற்றம், எடுத்த கடிதத்தையே பிறகு ரத்துச் செய்யக் காரணமாகும். “இறந்துவிட்டார்” என்றும் சான்றிதழ் இல்லாமல் எழுத முடியாது. காணாமல் போனோருக்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இறப்புச் சான்றிதழுக்கு வழி செய்தது. அதில் 2016 இல் வந்த திருத்தம், இறந்தார் என்று ஏற்காமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற இடம் தந்தது. இரண்டின் பலனும் வேறு. 2009 இல் இறந்ததாகப் பதிந்தால், அவருக்கு மனைவி பிள்ளைகள் இருந்தார்களா என்ற கேள்வி வரும். பிள்ளைகள் இருந்தால் அவருடைய பங்கு அவர்களுக்கு. காணாமற்போனமைச் சான்றிதழ் என்றால் அவர் வாரிசாகவே நிற்பார், பங்கும் அவர் பெயரில் நிற்கும்.

எதை எடுப்பது என்பது அம்மாவின் முடிவு. பதினாறு பதினேழு வருடமாய் மகன் வருவான் என்று இருக்கிற ஒரு தாயிடம் “இறப்புச் சான்றிதழ் எடுத்தால் வழக்கு கெதியாய் முடியும்” என்று சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, வங்கிக்கும் இல்லை. எந்தச் சான்றிதழும் இல்லாவிட்டாலும் மனுவில் உள்ளதை உள்ளபடி சொல்லலாம்: இன்னார் மகன், 2009 இல் இன்ன மாதம் இன்ன இடத்தில் கடைசியாகக் கண்டது, முறைப்பாடு செய்த இடமும் இலக்கமும் இவை, இன்றுவரை தகவல் இல்லை. அவரையும் எதிர்மனுதாரராக (மனுவின் மறுதரப்பாக) காட்டி, அவர் பங்கு பற்றி நீதிமன்றத்தின் பணிப்பைக் கேட்க வேண்டும். இந்தப் பந்தியை எழுதச் சட்டத்தரணியே வேண்டும்.

அதனால்தான் உங்கள் முக்கியக் கேள்விக்கு என் பதில் இப்படி. தன் வழக்கில் தானே தோன்றுவதற்குக் கோவையின் 24 ஆம் பிரிவு இடம் தருகிறது. வாரிசுகள் எல்லோரும் கைக்கெட்டிய தூரத்தில், ஒத்த மனதோடு இருக்கும் சின்னச் சொத்தென்றால் ஒரு தாய் அதைத் தானே கொண்டுபோக முடியும். இந்த அம்மாவுக்கு வழக்குத்தான் வேண்டுமென்று ஆனால், மனு தயாரிப்பையாவது சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கொண்டு போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது அது. காணாமல்போன வாரிசு, வயது வராத வாரிசு, இரண்டாம் குடும்பம், உயிலில் சந்தேகம், ஆட்சேபம் சொல்லக்கூடிய ஒருவர் என்று இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அது உங்கள் கையில் நிற்க வேண்டிய கோப்பு அல்ல.

உங்கள் கையில் நிற்க வேண்டியவை வேறு. அவற்றில் முதலாவது பெயர். இறப்புச் சான்றிதழில் ‘கறுப்பையா இராமசாமி’, உறுதியில் ‘க. ராமசாமி’, வங்கிப் புத்தகத்தில் ‘கே. ராமசாமி’, மகளின் பிறப்புப் பதிவில் ‘இராமையா’ என்று இருப்பது எங்கள் பக்கத்தில் வழமை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் யாரோ எழுதிக் கொடுத்த பதிவுகள் அவை. ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் ஆவணத்தின் பெயர், வலப்பக்கம் அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து, அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி என்று நிரப்புங்கள். எங்கே முரண் என்பது ஒரு பார்வையில் தெரியும். சின்ன வித்தியாசத்துக்கு இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசி போதும். இறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பதிவாளரிடம் திருத்திவிட்டுத்தான் மனு. தாக்கல் செய்த பிறகு கண்டால், திருத்திய மனு, திரும்ப அறிவித்தல் என்று தவணை மேல் தவணை போகும்.

இரண்டாவது முகவரி. தானே தோன்றுகிறவருக்கு அறிவித்தல் அவர் கொடுத்த முகவரிக்கே வரும். வீட்டு இலக்கம் இல்லாத குடியேற்றத் திட்டங்களில் கிராம அலுவலர் பிரிவு, திட்டத்தின் பெயர், யுனிற் இலக்கம், பக்கத்துக் கோயிலோ பாடசாலையோ, தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகவரியை அவர்கள் அனுப்பிய கடித உறையைப் பார்த்தே எழுதுங்கள், காதால் கேட்டு எழுதினால் பிரெஞ்சுத் தெருப்பெயர் தப்பாமல் வராது.

மூன்றாவது சத்தியக்கடதாசி. பெரும்பாலான மனுக்கள் தட்டுப்படுவது இங்கேதான். சமாதான நீதவானுக்கு முன்னாலேயே அம்மா கையொப்பம் வைக்க வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டு போய் முத்திரை அடிப்பது செல்லாது. அவர் எந்த மாவட்டத்துக்கு நியமனம் பெற்றவரோ அந்த எல்லைக்குள்தான் ஒப்பமிடலாம். இந்து என்றால் உறுதிப்பிரமாணம், கிறிஸ்தவர் என்றால் சத்தியம். தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் மற்றதும் இருந்தால் எதிர்ப்பக்கம் அதையே பிடிக்கும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்றால், வாசித்து விளங்கப்படுத்தினோம் என்ற வசனம் கட்டாயம் வேண்டும். கோவையின் 439 ஆம் பிரிவு கேட்பது அது. வெறும் பெருவிரல் அடையாளம் போதாது. வெட்டித் திருத்திய இடமெல்லாம் சிற்றொப்பம்.

வாசிக்கும்போது அம்மா “இது எனக்குத் தெரியாதே, தங்கச்சி” என்று சொல்லும் வரி ஏதாவது இருந்தால் அதை அங்கேயே எடுத்துவிடுங்கள். சத்தியக்கடதாசி அவவின் வாய்ச்சொல், உங்கள் கட்டுரை அல்ல.

பிரான்ஸ் மகன் சம்மதத்தை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பலாம். சுவிஸ் மகனை அப்படிக் கேட்காதீர்கள். அகதி வழக்கு நிலுவையில் இருப்பவர் இலங்கைத் தூதரகப் படி ஏறினால் அதுவே அவருக்கு எதிரான சான்றாகலாம். அங்குள்ள தன் சட்டத்தரணியைக் கேட்ட பிறகு அவர் முடிவெடுக்கட்டும். சம்மதம் வராவிட்டாலும் வழக்கு நின்றுவிடாது, எதிர்மனுதாரராய் அறிவித்தல் போகும், ஆட்சேபம் இல்லையென்றால் மேலே நடக்கும். இன்னொன்று: ஐயா உயிரோடு இருக்கும்போது யாருக்காவது அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால் அது அவர் இறந்ததோடு முடிந்தது. அதை வைத்து வங்கியிலோ நொத்தாரிசிடமோ யாரும் கையொப்பம் வைக்கக்கூடாது. நல்லெண்ணத்தில் இப்படிச் செய்து மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

மனு ஏற்றால் அறிவித்தலும் பத்திரிகை விளம்பரமும் வரும். விளம்பரச் செலவு மனுதாரர் தலையில், அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வந்த பத்திரிகையின் முழுத் தாளையும் வைத்திருங்கள், விளம்பரத்தை மட்டும் வெட்டி வைத்தால் திகதி போய்விடும். ஆட்சேபம் இல்லையென்றால் கட்டளை, பிரமாணம், நீதிமன்றம் கேட்டால் பிணைமுறி, அதன் பிறகுதான் கடிதம் கைக்கு வரும். கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சொத்து விபரப்பட்டியலும், 12 மாதத்துக்குள் இறுதிக் கணக்கும் தாக்கல் செய்யும் கடமை நிருவாகிக்கு உண்டு. ஒரு கொப்பி வாங்கி முதல் நாளிலிருந்தே வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அடகு வட்டி, விளம்பரக் காசு, மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் அதில் ஏற வேண்டும்.

தவணை நாளில் நீங்கள் அவவோடு போகலாம், போங்கள். வெள்ளெனவே போய் அன்றைய பட்டியலில் வழக்கிலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, எந்த மண்டபம் என்று காட்டி, பெயர் கூப்பிட்டதும் எழுந்து முன்னுக்குப் போகச் சொல்லுங்கள். நீங்கள் பார்வையாளர் வாங்கில் இருந்து, அடுத்த தவணைத் திகதியையும் நீதிபதி சொன்ன பணிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். அவவுக்காக எழுந்து பேச வேண்டாம், கேட்டாலொழிய. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ், அவவே தன் வாயால் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பிரெஞ்சு, ஜேர்மன் ஆவணம் எதுவும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போய்த்தான் கோப்புக்குள் வர வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவின் மூல உறுதியை உங்கள் அலுவலகத்தில் வைத்திருக்காதீர்கள். பிரதி எடுத்தவுடன் கையில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். காசும் அப்படித்தான்: முத்திரைக்கோ விளம்பரத்துக்கோ அம்மா தரும் பணத்தை வாங்கிக் கட்டாமல், அவவைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்ட வையுங்கள். பற்றுச்சீட்டு அவவின் பெயரில் வரட்டும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது அடகுத் துண்டின் திகதி, பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம், முகாமையாளருக்குக் கடிதம். வங்கியின் பதில் வந்த பிறகு, பெயர்க் கட்டத்தையும் மதிப்பீட்டு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.